பஸ்ஸில் கடைசியாக இருந்தவள்

போன போயா லீவுக்கு வெள்ளவத்தையில் விடாத மழை. கிளிநொச்சியில் இருந்து பெரியம்மாவின் மகள் வந்து நின்றார், எங்கும் வெளிக்கிட வழியில்லை, சரி ஒரு திரில்லர் பார்ப்போம் என்று ‘பார்டர்டவுன்’ போட்டேன். 2006இல் கிரகரி நாவா எடுத்த படம். மெக்சிகோவில், அமெரிக்க எல்லையோடு ஒட்டிக்கிடக்கிற சியுடாட் ஹுவாரெஸ் நகரத்தில் தொழிற்சாலைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுவதைத் துருவப்போகும் சிகாகோ நிருபராக ஜெனிஃபர் லோபஸ்.

அக்கா கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் மூன்று வருடம் காமன்ட் தையல் தொழிற்சாலையில் இருந்தவர் என்பது படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தவா என்று கேட்டேன். “விடு, பாப்பம்” என்றார்.

ஆரம்பத்திலேயே அந்த பஸ் காட்சி வந்துவிடும். ஏவா என்ற பிள்ளை வேலை முடிந்து பஸ் ஏறுகிறாள், வழியில் ஒவ்வொருத்தியாக இறங்கிப்போக இவள் நித்திரையாகிவிடுகிறாள், முழிக்கும்போது பஸ்ஸில் வேறு ஒருத்தரும் இல்லை. பெற்றோல் அடிக்கவேண்டும் என்று சொல்லி சாரதி வேறு பாதையில் திருப்புகிறான். தாக்கப்பட்டு, செத்துவிட்டாள் என்று நினைத்துப் புதைக்கப்பட்டவள் மண்ணைக் கிளறிக்கொண்டு எழும்பி வருகிறாள். “ஏன்தான் இவள் நித்திரை கொண்டாளோ” என்று நான் வாயை விட்டுவிட்டேன். அக்கா பார்த்தாரே ஒரு பார்வை! “பத்து மணித்தியாலம் மெஷினில இருந்து தைச்சுப் பார், தெரியும்.”

பிறகு அவராகவே சொன்னார். ஓவர்டைம் முடிந்து தங்கியிருந்த போடிங்குக்கு வரும் இரவுகளில் நாலைந்து பேர் சேர்ந்துதான் நடப்பார்களாம், ஒருத்தியின் செருப்பு அறுந்தால் எல்லாரும் நிற்பார்களாம். ஒழுங்கை முடக்கில் நிற்கும் பெடியள் “ஜூகி, ஜூகி” என்று கூப்பிடுவார்கள். ஜூகி என்பது ஜப்பான் தையல் மெஷினின் பெயர். அதையே பெண்களுக்கும் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு படம் கொஞ்சம் வழுக்குகிறது. நிருபரின் சின்ன வயதுக் கதை, பணக்காரர் வீட்டுப் பார்ட்டி, துரத்தல் என்று எங்கெங்கோ போகிறது. வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பங்கம் வரும் என்று சொந்தப் பத்திரிகையே கட்டுரையைப் போட மறுக்கும் இடம் மட்டும் நன்றாக இருந்தது. கொலைகாரனைப் பிடிக்கிற அவசரத்தில், இந்தப் பிள்ளைகளை இருட்டில் றோட்டுக்கு அனுப்புவது யாருடைய மணிக்கூடு என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் குறை.

பஸ் கதையொன்றும் சும்மா கற்பனை இல்லை. 1999இல் அதே ஹுவாரெஸில், தொழிற்சாலை பஸ் சாரதி ஒருவன் தாக்கி, செத்துவிட்டாள் என்று விட்டுப்போன சிறுமி ஒருத்தி உயிர்தப்பி வந்து அவனை அடையாளம் காட்டினாள். 2001 நவம்பரில் ஒரு பருத்திக் காணிக்குள் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடந்தன. அந்தக் காணிக்கு எதிரே இருந்தது தொழிற்சாலை முதலாளிமாரின் சங்கக் கட்டடம். அந்த எட்டில் மூன்று பேரின் வழக்கில், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2009இல் மெக்சிகோ அரசையே பொறுப்பாளி என்றது.

படம் முடிந்த பிறகு, பிளேன்ரீ குடிக்கும்போது, அந்த மூவரில் ஒருத்தியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். இருபது வயது. காலையில் இரண்டு நிமிடம் பிந்திப் போனாள் என்று தொழிற்சாலையில் உள்ளே விடவில்லை, திரும்பிப் போனவள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது.

“கேற்றைப் பூட்டினாப் பிறகு றோட்டில ஒரு சனமும் இருக்காது,” என்றார். “சேர்ந்து நடக்கிறவள் எல்லாம் உள்ளுக்கைதானே.”