ஜென்டூவில் 17.1-இலிருந்து 23.0-க்கு

ஜென்டூ, நிரல்களை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கட்டி நிறுவும் லினக்ஸ். அதில் ப்ரொஃபைலை, அதாவது சிஸ்டத்தின் இயல்பு அமைப்புகளின் தொகுப்பை, மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். ஈசெலக்ட் கருவி காட்டும் பட்டியலில் எண்ணைப் பார்த்துக் கொடுத்தால் ஒரு சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இடம் மாறும், அவ்வளவுதான். உண்மையான வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

23.0 என்ற புதிய ப்ரொஃபைல் பற்றிய அறிவிப்பு 2024 மார்ச்சில் வந்தது. என் கணினி அப்போது பழைய 17.1-இல், சேவைகளைத் தொடங்கிவைக்கும் ஓபன்ஆர்சியோடு ஓடிக்கொண்டிருந்தது. பழைய ப்ரொஃபைலுக்கு இனி ஆதரவில்லை என்று பிறகு பேக்கேஜ்களை நிறுவும் எமர்ஜ் கட்டளை ஒவ்வொரு முறையும் எச்சரிக்க ஆரம்பித்ததும், சரி, முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேக்கப் எடுத்து, பழைய ப்ரொஃபைலிலேயே சிஸ்டத்தை முழுக்க அப்டேட் செய்தேன். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் வரும் பிழை அப்டேட்டால் வந்ததா, ப்ரொஃபைலால் வந்ததா என்று தெரியாது.

அடுத்து, எந்த ப்ரொஃபைல்? 23.0-இல் 'ஸ்பிளிட்-யூஎஸ்ஆர்' என்று சேராத பெயர்களெல்லாம் பின், எஸ்பின், லிப் ஆகிய டைரக்டரிகள் யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் இணைக்கப்பட்ட சிஸ்டத்துக்கானவை. இணைக்காதவர்கள் பெயரில் 'ஸ்பிளிட்-யூஎஸ்ஆர்' உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். எது நம்முடையது என்பதை ரூட்டில் உள்ள பின் டைரக்டரியை எல்எஸ் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்: அது சிம்லிங்க் என்றால் இணைந்தது. என்னுடையது நிஜ டைரக்டரி, அதனால் ஸ்பிளிட். போகிற போக்கில் அதையும் இணைத்துவிடலாமே என்று கை பரபரக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது என்று அறிவிப்பு கண்டிப்பாகச் சொல்கிறது.

மேக்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில், எந்த வகைக் கணினிக்குக் கட்டுகிறோம் என்று சொல்லும் சிஹோஸ்ட் வரி இருந்தால் நீக்கிவிட வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எமர்ஜ் இன்ஃபோவில் அந்த மதிப்பை ஒப்பிட்டேன். மாறவில்லை. மாறியிருந்தால் கூடுதல் படிகள் உண்டு. பைனரி பேக்கேஜ் கேஷைக் காலி செய்து, முன்பே கட்டிய பேக்கேஜ்களைத் தரும் பைன்ஹோஸ்ட் முகவரியில் இருந்த 17.1-ஐ 23.0 ஆக்கினேன்.

அப்புறம் பைன்யூட்டில்ஸ் (லிங்கர் உள்ள கருவித் தொகுப்பு), ஜிசிசி (கம்பைலர்), ஜிலிப்சி (சி நூலகம்) மூன்றையும் மறுபடி கட்டினேன். இந்த வரிசையிலேயே, ஒன்றொன்றாக. வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைப்பது லிங்கர்; புதிய ப்ரொஃபைல் அது செய்யும் வேலையையே மாற்றுகிறது. வெளி ஃபங்ஷன்களின் முகவரிகளை முதல் அழைப்பின்போது தேடாமல், நிரல் தொடங்கும்போதே தீர்த்துவிடுவது இயல்பாகிறது. தீர்த்த பிறகு அந்த அட்டவணையை எழுத முடியாதபடி பூட்டிவிடலாம் என்பதால் பாதுகாப்பு கூடுகிறது. ரிலோகேஷன்களை, அதாவது நிரல் ஏறும்போது திருத்த வேண்டிய முகவரிகளின் பட்டியலை, சுருக்கி எழுதும் ரெலர் முறையும் சேர்கிறது. கோப்பின் அளவு குறையும். இதையெல்லாம் உருவாக்கும் கருவிகளே முதலில் புதிதாக வேண்டும் அல்லவா? மூன்றும் முடிந்ததும் ஜிசிசி-கான்ஃபிக், பைன்யூட்டில்ஸ்-கான்ஃபிக் இரண்டும் சரியான பதிப்பைக் காட்டுகின்றனவா என்று பார்த்து, சூழல் அமைப்புகளைப் புதுப்பிக்கும் என்வ்-அப்டேட்டை ஓட்டி, லிப்டூலை மறுபடி நிறுவினேன்.

கடைசியில் எம்ப்டிட்ரீ. நிறுவியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி கட்டுவது. இதற்கு அறிவு வேண்டாம், மின்விசிறிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் காது போதும். கியூடி வெப்எஞ்சின், எல்எல்விஎம், ரஸ்ட் மூன்றும்தான் நேரத்தைத் தின்றன. ஒரு ஜாபுக்கு 2 ஜிபி ரேம் என்ற கணக்கில் ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸைக் குறைத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. யூஸ் ஃபிளாக் (எந்தெந்த வசதிகள் வேண்டும் என்ற தேர்வு) ஒத்துப்போன பேக்கேஜ்களை பைன்ஹோஸ்டிலிருந்து இறக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் நானே கம்பைல் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. கீப்-கோயிங் கொடுத்திருந்ததால், நடுவில் சில சின்ன பேக்கேஜ்கள் தோற்றாலும் மற்றவை ஓடிக்கொண்டே இருந்தன. தோற்றவற்றை முடிவில் தனியே ஓட்டியபோது ஏறிவிட்டன.

எல்லாம் மாறியதா என்று பார்க்க, நிரல் கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் போதும். பாஷ் கோப்பின் டைனமிக் பகுதியைப் பார்த்தேன்: ஃபிளாக்ஸ் வரியில் பைண்ட்-நவ் (தொடக்கத்திலேயே முகவரிகளைத் தீர்ப்பது), கீழே ரெலர் என்று தனி வரி. இரண்டும் இருந்தன.

சில வாரம் சிக்கலில்லாமல் ஓடிய பிறகு டைரக்டரிகளை யூஎஸ்ஆருக்குள் இணைக்கும் மெர்ஜ்-யூஎஸ்ஆர் கருவியை நிறுவி, முதலில் ட்ரைரன் (எதையும் மாற்றாத ஒத்திகை), பிறகு நிஜமாகவே ஓட்டினேன். நொடியில் முடிந்தது. பெயரில் 'ஸ்பிளிட்-யூஎஸ்ஆர்' இல்லாத ப்ரொஃபைலுக்கு மாறி, யூஸ் மாறிய சில பேக்கேஜ்களை மட்டும் மறுபடி கட்டினேன்.