சிபாரிசில் வந்தவரின் கையெழுத்து

உள்ளாட்சி அலுவலகம் ஒன்றின் பணியமைப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். எந்தப் பதவி எப்போது காலியாகும், யாருடைய விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அந்த மேசைக்குத் தெரியாமல் போகாது. சிபாரிசும் அங்கேதான் வரும். ஆனால் தாளில் வராது, போனில் வரும். "நம்ம பையன் ஒருத்தன் போட்டிருக்கான், கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்பார்கள். அவனுக்குத்தான் வேலை தரவேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேர்மன் அறையிலிருந்து வரும் போனுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மதிப்பெண்ணைத் திருத்தித்தான் வேண்டியவரை உள்ளே கொண்டுவருவார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. அறிவிப்பை எழுதும்போதே பாதி முடிந்துவிடும். கணினி இயக்குநர் பதவிக்கு "உள்ளாட்சி அலுவலகத்தில் ஓராண்டு முன்னனுபவம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஏற்கெனவே தினக்கூலியில் உட்கார வைத்தவரைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் கழிந்துவிடுவார்கள். இல்லையென்றால் தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள் தகவல் பலகையில் மட்டும் அறிவிப்பை ஒட்டி, ஒரு வாரத்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

இதையெல்லாம் தாண்டி ஒருவர் வந்துவிட்டால் நேர்முகத் தேர்வு இருக்கிறது. எழுத்துத் தேர்வில் வெகுவாகப் பின்தங்கியவரை அங்கே தூக்கிவிட முடியுமென்றால் எழுத்துத் தேர்வு எதற்கு? ஹரியானா அரசுப் பணித் தேர்வு பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கில், 1985-இல், உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. பொதுப் போட்டியாளர்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் 22.2 சதவீதத்தை நேர்முகத்துக்கு ஒதுக்கியதே அதிகம், 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகமே கிடையாது. கடைநிலைப் பணிகளுக்கு அதுதான் சரி. ஐந்து நிமிடம் பேசிப் பார்த்து ஒரு வரித்தண்டலரின் திறமையை எடைபோட முடியும் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை.

இது நம் ஊர்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று சொல்கிறவர்களிடம் சிகாகோ கதையைச் சொல்வேன். மைக்கேல் ஷாக்மன் என்ற வழக்கறிஞர் 1969-இல் தொடுத்த வழக்கால், கட்சி பார்த்து நகர ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1972-இல் நீதிமன்ற ஆணை வந்தது. வேலைக்கு எடுப்பதற்கும் அந்தத் தடை 1983-இல் நீண்டது. இவ்வளவுக்குப் பிறகும், யாருக்கு வேலை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, நேர்முக மதிப்பெண் தாள்களைப் பின்னால் பொய்யாக நிரப்பியது வெளியே வந்தது. மேயர் அலுவலகத்தில் இருந்த ராபர்ட் சோரிச் உட்பட நான்கு பேர் 2006-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஆணை இருக்கிறது என்பதால் மட்டும் எதுவும் நின்றுவிடுவதில்லை.

வேலை கிடைக்காமல் போன தகுதியுள்ளவரின் வலியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். வேலை கிடைத்தவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் அருகிலிருந்து பார்த்தேன்.

சொத்துவரிப் பிரிவுக்கு ஒரு தம்பி வந்தான். கவுன்சிலர் ஒருவர் சொல்லித்தான் வந்தான் என்பது அவன் வந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்ல பையன். கணக்கில் கெட்டி, பொதுமக்களிடம் எரிந்து விழமாட்டான். முறையான போட்டி நடந்திருந்தாலும் தேறியிருப்பான் என்றே நினைக்கிறேன். அதை அவனால் யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை. "அவரு ஆளு" என்ற பேர் கடைசிவரை போகவில்லை. அவனுக்குப் பதினொரு மாதத் தற்காலிக நியமன ஆணைதான். ஒவ்வொரு முறை ஆணை முடியும்போதும் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று வருவான்.

அந்த ஆணையை நிரந்தரமாக்க யாரும் அக்கறை காட்டாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. நிரந்தரமானால் அந்த வாசலுக்கு அவன் போகவேண்டியதில்லை. சிபாரிசு செய்கிறவர்கள் திரும்ப எதிர்பார்ப்பது வேலைத் திறமையை விட அந்தக் கடன்பாட்டைத்தான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். ஒரு நாள் வேண்டப்பட்ட ஒருவரின் மூன்று மாடிக் கட்டடத்தை இரண்டு மாடியாக அளந்து எழுதச் சொன்னார்கள். நிரந்தர ஊழியர் ஒருவர் "முடியாதுங்க, தணிக்கையில் மாட்டும்" என்று சொல்லிவிட்டு, மிஞ்சிப் போனால் ஒரு இடமாற்றத்தோடு தப்பித்திருப்பார். இவனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எழுதினான். தணிக்கை வந்தது. அளவுப் பதிவேட்டில் இருந்தது அவன் கையெழுத்து. சொன்னவர்களின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த ஆணை அவனுக்கு வரவில்லை, அந்த நாற்காலியில் இன்னொரு சிபாரிசு வந்து உட்கார்ந்தது. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

சிபாரிசு கேட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கணவரை இழந்த ஒரு அம்மா துப்புரவு வேலை கேட்டு கவுன்சிலரிடம் போகிறார் என்றால், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு வேறு யாரும் சொல்லவில்லை. நேர் வழி தெரிந்திருந்தால் அதிலேயே வந்திருப்பார்.

உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிக ஊழியர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்தாண்டு இருந்த தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை விலக்கு தந்தது. பின்வாசலை மூடுவதுதான் நோக்கம். நடந்ததோ வேறு. ஆட்களை எடுத்தவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எடுக்கப்பட்டவர்கள் வருடக்கணக்கில் தற்காலிகமாகவே நின்றார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நீண்டகாலம் உழைத்த துப்புரவாளர்களுக்கு எதிராக அந்தத் தீர்ப்பையே அரசுத் துறைகள் கேடயமாக்குவதை நீதிமன்றம் கண்டித்தது.

எங்களுக்குக் கொஞ்ச காலம் ஒரு ஆணையர் இருந்தார். நியமனம் பற்றி வருகிற ஒவ்வொரு போனையும், தேதி, பெயரோடு கோப்பில் குறித்து வைக்கச் சொன்னார். குறிப்பதைச் சொல்லிவிட்டே பேசச் சொன்னார். போன்கள் சட்டென்று குறைந்தன. நேர்முகத்துக்கு முன்பே எழுத்துத் தேர்வு மதிப்பெண்களைப் பலகையில் ஒட்டினார். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஊருக்கே தெரிந்தபின், தேர்வுக் குழுவில் இருந்தவர்களும் கவனமாக மதிப்பெண் போட்டார்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் மாற்றலாகிப் போனதும் இரண்டும் நின்றுபோயின. ஆணையரின் விருப்பத்துக்கு விடாமல், அதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். ஏற்கெனவே தற்காலிகமாக இருப்பவர்களுக்கும் வயது வரம்பைத் தளர்த்தி, செய்த பணிக்கு மதிப்பெண் கொடுத்து, எல்லோரோடும் சேர்ந்து ஒரு பொதுத் தேர்வு எழுத வாய்ப்புத் தரலாம். அந்தத் தம்பிக்கு அது கிடைத்திருந்தால், கட்டடத்தில் மூன்று மாடி என்று எழுதியிருப்பான்.