46,000 நாளும் ஒரு முள்ளங்கியும்

டோக்கியோவில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீயை அண்ணாந்து பார்த்தாயிற்று. ஷிபுயா நாற்சந்தியில் கூட்டத்தோடு கூட்டமாகச் சாலையைக் கடந்தாயிற்று. போதும் என்று நினைத்திருந்தபோதுதான் அவள் வாயைக் கொடுத்தாள்.

"அம்மா, ஜூலை 9, 10 ரெண்டு நாள்ல எந்த நாள் அசாகுசா கோயிலுக்குப் போனாலும் 46,000 நாள் போன புண்ணியமாம்."

பத்தாம் தேதி விடியற்காலையிலேயே குளித்து முடித்து வாசலில் நின்றேன்.

அசாகுசாவுக்கு முன்னால் உவேனோவில் இறங்கினோம். அங்கே ஷினோபாசு குளத்தில் தாமரை பூக்கும் பருவம். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். குளம் முழுக்க ஆள் இடுப்பளவு உயர்ந்த இலைகள், நடுவே ஒரு சின்னத் தீவு, அதில் எண்கோண வடிவில் பெந்தென்தோ கோயில். அந்தக் கோயிலின் தெய்வமான பென்சாய்தென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவள், வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக் கருவி ஏந்தியிருப்பாள். இங்கே இருப்பவளுக்கோ எட்டுக் கை, அவற்றில் ஆயுதங்கள். பிவா வாசலில் தனியாக ஒரு சிலையாக நிற்கிறது. அவளுக்கு ஜப்பானியர் சொல்லும் மந்திரத்தை மகள் கைபேசியில் தேடி வாசித்தாள்: "ஓன் சொரசொபதேயேய் சொவாக்கா." எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஓம் சரஸ்வத்யை ஸ்வாஹா! உடம்பு சிலிர்த்துவிட்டது.

கோயிலைச் சுற்றி நடுகற்கள் போல நினைவுக்கற்கள் நிற்கின்றன. ஒன்று சமையல் கத்திகளுக்கு, ஒன்று மூக்குக்கண்ணாடிக்கு, ஒன்று மனிதர் வயிற்றுக்குள் போன ஃபுகு மீன்களுக்கு. உழைத்துத் தேய்ந்த கத்திக்கு சரஸ்வதி சன்னிதியில் மரியாதை. நம் ஆயுத பூஜையைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதே இல்லை.

அங்கிருந்து கின்சா தடத்தில் மூன்றாவது நிறுத்தம் அசாகுசா. இந்த உவேனோ-அசாகுசா துண்டுதான் ஆசியாவிலேயே முதலில், 1927இல், ஓடிய சுரங்க ரயில் என்றாள் மகள். ரயிலில் எனக்குக் கவனம் இல்லை.

காமினாரிமோன் வாசலில் 700 கிலோ எடையுள்ள சிவப்பு விளக்கு தொங்குகிறது. இரு பக்கமும் காற்றுத் தேவனும் இடித் தேவனும். உள்ளே நாகாமிசே கடைவீதி, திருவிழாக் கூட்டம். கோயில் வளாகத்தை எட்டியதும் எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு நிறத்தில் காகிதக் கூடு போலக் காய் தொங்கும் செடிகள். ஹோசுகி என்கிறார்கள். நம் ஊரில் வரப்பில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியின் உறவுதான். நாங்கள் அதன் கூட்டை நெற்றியில் அடித்துச் சொடக்கு விடுவோம். இங்கே பிள்ளைகள் விதையை எடுத்துவிட்டு வெறும் தோலை வாயில் வைத்து ஊதுவார்களாம். தொட்டிக்குத் தொட்டி கண்ணாடி மணி கட்டி விற்கிறார்கள். காற்று வீசும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான மணிகள் கிணுகிணுக்கின்றன.

ஏன் 46,000? ஒரு படி அரிசியில் அத்தனை மணி இருக்கும் என்று ஒரு கணக்கு. அவர்கள் அளவையில் ஒரு படி 'இஷ்ஷோ'. வாழ்நாள் என்பதற்கும் அதே ஒலி. 46,000 நாளை வகுத்தால் 126 வருஷம் வருகிறது, மனித ஆயுளைத் தாண்டி. ஒரு நாள் கும்பிட்டால் ஆயுளுக்கும் கும்பிட்டதாகக் கணக்கு. வைகுண்ட ஏகாதசிக்கு முண்டியடிக்கும் எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது.

சென்சோஜி எனும் இந்தக் கோயிலின் கதை 628இல் தொடங்குகிறது. சுமிதா ஆற்றில் வலை வீசிய அண்ணன் தம்பி இருவருக்கு ஒரு சிலை கிடைத்தது. அது கண்ணோன், அதாவது பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதர். அகத்தியர் தமிழைக் கேட்டதே இந்த அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்கிறது. ஆக, என் மொழியின் குருவுக்கு குருவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். அப்படித்தான் எண்ணிக்கொண்டு படியேறினேன்.

பார்க்க முடியாது. அந்த மூலமூர்த்தியை யாருக்கும் காட்டுவதில்லை. அதன் பிரதியாக நிற்கும் மூர்த்திக்கே வருஷத்தில் ஒரே நாள், டிசம்பர் 13, திருக்காட்சி. கோயில் 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் எரிந்து, இப்போது நிற்கும் மண்டபம் 1958இல் எழுந்தது. செருப்போடு மண்டபத்துக்குள் நின்றது வேறு எனக்கு உறுத்தல். கண்ணால் காணாத தரிசனம் என்ன தரிசனம் என்று மனசு முரண்டியது. சிதம்பரத்தில் திரை விலகினால் வெற்று வெளியைக் கும்பிடுகிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது. பழக்கத்தில் கை இரண்டு தடவை தட்டிவிட்டது. "அம்மா! கைதட்டுறது பக்கத்துல இருக்கிற ஷின்தோ கோயில்ல. இங்க சும்மா கும்பிடணும்!" முன்னால் நின்ற பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் பக்கம் தலை வணங்கினார். வாசல் தூபக்குண்டத்துப் புகையை எல்லோரும் தலைக்கு வாரிக்கொண்டார்கள். நான் முழங்காலுக்கு வாரினேன். நூறு யென் போட்டுக் குலுக்கிய சீட்டில் 'கியோ', கெட்ட பலன். அதைக் கோயில் கம்பியிலேயே கட்டிவிட்டுப் போகலாம் என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

உண்மையில் நான் போக நினைத்த இடம் அங்கிருந்து பத்து நிமிஷ நடை. ஆற்றோரம் ஒரு சின்ன மேடு, அதன் மேல் மட்சுச்சியாமா ஷோதென். சென்சோஜியைச் சேர்ந்த கோயில்தான். அங்கே இருப்பவர் காங்கிதென்: நம் பிள்ளையார். கூட்டமே இல்லை. படிக்கட்டு, விளக்கு, சுவர் எங்கும் இரண்டே சின்னங்கள். பின்னிக்கிடக்கும் இரு முள்ளங்கிகள், வாய் சுருக்கிய ஒரு பணப்பை. அந்தப் பையைப் பார்த்தால் அசல் கொழுக்கட்டை.

இவரும் மறைமூர்த்தி. யானைமுக உருவங்கள் இரண்டு தழுவி நிற்கும் கோலமாம். முரட்டு விநாயகரை வசப்படுத்த கண்ணோனே பெண் யானையாக வந்து அணைத்துக்கொண்டதாகக் கதை. அப்படியென்றால் காலையில் பார்க்க முடியாமல் போனவரும் இங்கே பிள்ளையாரோடு கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

படையல் என்ன தெரியுமா? முள்ளங்கி. வயிற்று நஞ்சையும் மனசின் கோபத்தையும் அது கரைக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டிலோ விரத நாளில் முள்ளங்கியை அடுக்களைக்குள்ளேயே விடமாட்டார் என் மாமியார். கோயில் கடையிலேயே முழங்கை நீளத்தில் வெள்ளை வெளேர் என்று ஒன்றை வாங்கி, சன்னிதியில் ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றோடு வைத்தேன். தோப்புக்கரணம் போடலாமா என்று ஒரு கணம் யோசித்து, முழங்காலை நினைத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது, பூஜையில் வைத்து எடுத்த முள்ளங்கிகளை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரசாதம். துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு மகள் வீடு இருக்கும் நிஷி-கசாய் வரை ரயிலில் வந்தேன்.

இரவு முள்ளங்கி சாம்பார். இந்த ஊர் முள்ளங்கியில் நீர் அதிகம், காரம் குறைவு. புளியைக் குறைத்துக் கரைத்தேன். மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீந்த பாதியை மகள் ஃபிரிட்ஜில் வைக்கப் போனவள் நின்றாள்.

"பிரசாதத்தை ஃபிரிட்ஜ்ல வைக்கலாமாம்மா?"

கீழ்த்தட்டில் கோழி இருந்தது. மேல்தட்டில் வை என்றேன்.