காயிலைக் குற்றம் சொல்வதற்கு முன்

பெட்ரோல் கார் மிஸ் அடிக்கிறது என்று வந்தால் முதலில் ஸ்கேனரை மாட்டுகிறோம். அதில் பி0302 என்ற கோளாறுக் கோடு (code) வந்தால் இரண்டாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. பி0352 வந்தால் இரண்டாவது காயிலின், அதாவது அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் பாகத்தின், சர்க்யூட்டில் கோளாறு. காயில் போய்விட்டது என்று இரண்டு கோடுமே சொல்லவில்லை. ஆனால் நிறைய பட்டறைகளில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வண்டிக்காரர் காசுதான் வீணாகிறது, அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இரண்டாவது காயிலை மூன்றாவதில் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கோடும் கூடவே மூன்றுக்குப் போனால் காயில்தான். இரண்டிலேயே நின்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

மழைக்காலத்தில் அப்படி ஒரு வண்டி வந்தது. வேறெங்கோ புதுக் காயில் போட்டும் அதே பி0352. இடம் மாற்றினேன், கோடு நகரவில்லை. நாலு வயர் காயில்: சப்ளை, எர்த், ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) அனுப்பும் ட்ரிகர், காயில் திருப்பி அனுப்பும் சிக்னல். கனெக்டரைக் கழற்றி சப்ளை பின்னில் மல்டிமீட்டர் வைத்தால் 12.4 வோல்ட். இதைப் பார்த்துத்தான் பலரும் வயரிங் நல்லாயிருக்கு என்று முடித்துவிடுகிறார்கள். மீட்டர் கரண்ட்டே இழுக்காது. வயரில் இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டும். காயிலோ ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் சில மில்லி செகண்டுக்குள் ஆறேழு ஆம்பியர் வரை இழுக்கும்.

அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்தேன். மங்கலாக, செம்மஞ்சளாக எரிந்தது. மீட்டர் 7 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. பல்பின் எர்த் பக்கத்தை நேராக பேட்டரி நெகட்டிவில் வைத்தாலும் அதே மங்கல், ஆகவே எர்த் சரி. பக்கத்துக் காயிலின் கனெக்டரில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. சப்ளை பிரிந்து இந்தக் காயிலுக்கு வரும் துண்டில்தான் கோளாறு. டேப்பைப் பிரித்து வயரை விரலால் தடவிக்கொண்டே போனதில், வளைவில் எலி கடித்த தடம். உள்ளே தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது.

பல்பை ட்ரிகர் வயரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது ஈசிஎம்மிலிருந்து நேராக வரும் சிக்னல். பல்பு இழுக்கும் கரண்ட்டில் ஈசிஎம்மே போய்விடலாம். அங்கே எல்இடி லேம்ப்போ, சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப்போதான். அதேபோல, காயிலை வெளியே எடுத்து அந்தரத்தில் பிடித்து ஸ்பார்க் பார்ப்பதும் வேண்டாம். வெளியே போக வழியில்லாத ஹை வோல்டேஜ், காயிலின் இன்சுலேஷனையே துளைத்துவிடும். ஸ்பார்க் டெஸ்டர் விலை ஒரு காயில் விலையைவிடக் குறைவு.

கெட்ட துண்டை வெட்டி எடுத்து, புது வயர் சேர்த்து சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். ஸ்பார்க் பிளக் முனை தேய்ந்து, ஸ்பார்க் தாவும் கேப் (இடைவெளி) அகலமாகியிருந்தது. அப்படியே விட்டால் காயிலுக்குச் சுமை கூடும் என்பதால் அதையும் மாற்றினேன். அப்புறம், முன்பு கழற்றிப்போட்ட பழைய காயிலையே மாட்டி ஓட்டிப் பார்த்தேன். மிஸ் இல்லை, கோடும் வரவில்லை. புதுக் காயிலை ஸ்பேராக டிக்கியில் வைத்துக்கொள்ளச் சொல்லி வண்டியைக் கொடுத்தேன்.