மேற்கு ஓரத்தில் 120 கன்றுகள்

செப்டம்பர் 28, ஞாயிறு

மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர்த் திடலில், 10 சென்ட் இடத்தில், நம் மண்ணின் மரங்களைக் கொண்டு ஒரு சிறு காடு வளர்ப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. இன்று அளக்கப் போனபோது கிரிக்கெட் ஆடும் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். வடக்கு மூலையைச் சதுரமாக அடைத்தால் தங்களுக்கு ஆட இடமே இருக்காது என்று அவர்கள் சொன்னது முற்றிலும் நியாயம். அதை நாங்கள்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். எனவே மேற்கு ஓரமாக 180 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்ட பட்டையாக மாற்றிக்கொண்டோம். மரங்கள் உயர்ந்தபின் மாலை வெயிலையும் அவை மறைக்கும் என்பதால், இதுவே முந்தையதைவிட நல்ல ஏற்பாடு.

அக்டோபர் 5, ஞாயிறு

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகியின் முறைப்படி நெருக்கமாக நடலாம் என்று ஒரு தம்பி வற்புறுத்தினார். சதுர மீட்டருக்கு 3 கன்றுகள் என்றாலே 1,200 கன்றுகள் வேண்டும். அத்தனையையும் சித்திரை வெயிலில் காப்பாற்றத் திடலில் இருப்பதோ ஒரே குழாய். ஆகவே ஆறடிக்கு ஒன்றாக, நான்கு வரிசையில் 120 போதும் என்று தீர்மானித்தோம்.

அதைவிட நீண்ட பேச்சு வேலியைப் பற்றித்தான். ஆடுகளைத் தடுக்கக் கருவேல முள்ளை அடைக்கலாம் என்றால், உள்ளே விழும் பந்தை எடுக்கும் பிள்ளைகளின் காலில் முள் ஏறும். நொச்சியையும் ஆடாதொடையையும் போத்தாக, அதாவது வெட்டிய கிளைத்துண்டாக, ஊன்றி உயிர்வேலியாக்கலாம் என்று ஆடு மேய்க்கும் ஐயா ஒருவரே வழி சொன்னார். ஆடு தொடாத இலை என்பதால்தானே அதற்கு அந்தப் பெயர்!

அக்டோபர் 12, ஞாயிறு

விடியற்காலையிலேயே நடவு தொடங்கியது. வேம்பு, புங்கை, ஆத்தி, வாகை, இலுப்பை, வெப்பாலை, உசிலை ஆகியவற்றைக் கலந்தும், கண்மாயை ஒட்டிய தாழ்வான முனையில் மருதத்தையும் நாவலையும் வைத்தோம். வேர்மண் உடையாமல் பையைக் கிழிப்பதற்குப் பிள்ளைகள் விரைவில் பழகிவிட்டார்கள்.

வேடிக்கை பார்க்க வந்த ஓர் அப்பத்தா, உசிலை என்று நாற்றங்காலில் கொடுத்திருந்த கன்றுகளில் ஒன்றின் இலையைக் கசக்கிப் பார்த்துவிட்டு, இது அரப்பு இலை இல்லையே என்றார். உசிலையின் இலையை உலர்த்தி இடித்துத்தான் அவர் காலத்தில் தலைக்குத் தேய்த்துக் குளித்திருக்கிறார்கள். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த மரம் அது. அவர் ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பிரித்ததில் 9 கன்றுகள் தூங்குமூஞ்சி என்று தெரிந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்துக்கு இங்கே இடமில்லை என்று ஒதுக்கிவிட்டோம். அந்த அம்மாள் வந்திராவிட்டால் அவற்றையும் நட்டிருப்போம் என்பதை நினைக்கையில், கன்று வாங்கப் போனபோதே அவரை அழைத்துச் சென்றிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கன்றுகளைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு இட்டோம்.

நவம்பர் 16, ஞாயிறு

நொச்சிப் போத்துகள் பெரும்பாலும் துளிர்த்துவிட்டன. நட்ட 111 கன்றுகளில் 4 பட்டுப்போயின, நான்கும் இலுப்பை. காலியாக இருந்த 9 குழிகளிலும், அப்பத்தா பார்த்துத் தேர்ந்தெடுத்த உசிலைக் கன்றுகளை இன்று வைத்தோம். தண்ணீர் ஊற்றும் முறையை வீட்டுக்கு ஒரு நாள் என்று எழுதியபோது, சனிக்கிழமைகளைப் பையன்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.