ஜூன் 1-ல் பிறந்தவனின் மெடிகேர்

எனக்கு இரண்டு பிறந்தநாள். ஐப்பசியில் பிறந்தவன் என்று அம்மா சொல்வாள். கும்பகோணத்தில் பள்ளியில் சேர்க்கப் போனபோது வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் 1960 ஜூன் 1 என்று எழுதிவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே ஜூன் 1-தான். அந்தத் தேதி பாஸ்போர்ட்டில் ஏறி, கிரீன் கார்டில் ஏறி, நியூ ஜெர்ஸி வரை கூடவே வந்துவிட்டது.

ஏப்ரல் 2025-ல் வேலையிலிருந்து ஓய்வு. அதோடு கம்பெனி இன்சூரன்ஸும் முடிகிறது. மெடிகேர் என்பது 65 வயது முடிந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடு. எனக்கு 65 முடிவது ஜூனில்தானே, நடுவில் மே மாதத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கவலையில் ஒரு தப்பு செய்தேன். ‘திட்டங்களை இலவசமாக ஒப்பிட்டுப் பாருங்கள்’ என்று ஒரு தளத்தில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு அழைப்புகள். எல்லாரும் ஒரே பாட்டு: பிரீமியம் பூஜ்யம், பல்லுக்கு உண்டு, கண்ணாடிக்கு உண்டு, ஜிம்முக்கும் உண்டு. என்ன வியாதி, யார் டாக்டர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் நண்பர் ஒருவர் தனக்குத் திட்டம் எடுத்துக்கொடுத்த காப்பீட்டு ஏஜென்ட்டின் எண்ணைத் தந்தார். மதுரைப் பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். கூப்பிடுவதற்கு முன் மாநில அரசின் வங்கி மற்றும் காப்பீட்டுத் துறைத் தளத்தில் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை. உடனே உட்கார்ந்து பேசிவிடலாம் என்று நினைத்தால் முடியாதாம். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று ஒரு படிவத்தில் நான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதைய விதிப்படி பொதுவாக அதற்கு 48 மணி நேரம் கழித்துத்தான் சந்திப்பு. வயதானவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று வைத்த விதி. அந்தப் பதினேழு பேருக்குப் பிறகு இந்த விதிமேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பிறந்த தேதி. சொன்னதும் சிரித்தார்.

“உங்களுக்கும் ஜூன் ஒண்ணா சார்? அப்படின்னா மே ஒண்ணாம் தேதியே ஆரம்பிச்சிடும்.”

65 முடிகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து மெடிகேர் என்பது பொது விதி. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் அதற்கு முந்தைய மாதமே. பதிவு செய்துகொள்ளும் ஏழு மாதமும் ஒன்று தள்ளி, எனக்கு பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஏப்ரலுக்குள் பதிந்துவிட்டால் மே 1-ல் கையில் காப்பீடு. தலைமையாசிரியர் புண்ணியத்தில் கவலை தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்கு பார்ட் ஏ, டாக்டர், பரிசோதனைச் செலவுக்கு பார்ட் பி. இரண்டுக்கும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் துறையின் தளத்தில் நானேதான் விண்ணப்பித்தேன். அது ஏஜென்ட்டின் வேலை இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் வரி கட்டியிருப்பதால் ஏ-க்குப் பிரீமியம் கிடையாது. பி-க்கு 2025-ல் மாதம் 185 டாலர். நான் இன்னும் பென்ஷன் வாங்க ஆரம்பிக்காததால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 555 என்று பில் வந்தது. பார்த்தவுடன் பகீரென்றது உண்மை.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் இங்கேதான் ஆரம்பம். பார்ட் பி 80 சதவீதம் கொடுக்கும், மீதி 20 நம்முடையது, அந்த 20-க்கு உச்சவரம்பே கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால், 2025 கணக்குப்படி, முதல் 1,676 டாலர் நம் கையிலிருந்து. இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று, தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறுவது. பூஜ்யம், பல், ஜிம் எல்லாம் இதுதான். இன்னொன்று, அரசு மெடிகேரிலேயே இருந்துகொண்டு மேலே மெடிகேப் என்ற துணைக் காப்பீடு வாங்குவது, மருந்துக்குத் தனியாக பார்ட் டி.

எனக்கு மனசு பூஜ்யத்தின் பக்கம்தான் சாய்ந்தது. வருமானம் நிற்கப்போகிறவன் வேறு எதைப் பார்ப்பான்? அந்தப் பெண் வாதாடவில்லை. என் மாத்திரைகளையும் டாக்டர்களையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். 2019-ல் வைத்த ஸ்டென்ட், அதைப் பார்த்துக்கொள்ளும் இதய டாக்டர், துடிப்புக் கோளாறுக்கு எலிக்விஸ், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பூஜ்யத் திட்டத்தின் டாக்டர் பட்டியலைத் திறந்து தேடினோம். என் இதய டாக்டர் அதில் இல்லை.

“டாக்டரை மாத்திக்கலாம் சார். அது பிரச்சினை இல்லை. பின்னாடி மெடிகேப்புக்கு வரணும்னு தோணினாத்தான் பிரச்சினை.”

இதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. பார்ட் பி ஆரம்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு எந்த மெடிகேப் கம்பெனியும் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, கூடுதலாகவும் கேட்க முடியாது. அது தாண்டினால், சில விதிவிலக்குகளைத் தவிர, எங்கள் மாநிலத்தில் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். ஸ்டென்ட் வைத்தவனுக்கு என்ன பதில் வரும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு எந்த வருஷமும் போகலாம். எதிர்த்திசையில் வருவதுதான் கஷ்டம். அந்தப் பதினேழு பேரில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

நேராகவே கேட்டேன்: “உங்களுக்கு எதுல காசு?” தயங்காமல் சொன்னார். அட்வான்டேஜில் ஒரு ஆளைப் புதிதாகச் சேர்த்தால் ஏஜென்ட்டுக்குத் தரக்கூடிய உச்சத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. நியூ ஜெர்ஸியில் 2025-க்கு 780 டாலர். மெடிகேப்பில் பிரீமியத்தில் ஒரு பங்கு, அது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. எனக்கு அவர் சொன்னது குறைவாகக் கிடைப்பதை. கூடவே, “எல்லாக் கம்பெனியும் என்கிட்ட இல்லை” என்றும் சொன்னார். அதைச் சொல்வதும் விதிதான். இருந்தாலும் முணுமுணுக்காமல் சொன்னார்.

வாங்கியது மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஜி என்றால் ஜி, பலன்கள் சட்டப்படி ஒன்றே, விலைதான் வேறு. இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்குமோ என்ற சந்தேகத்தோடு ஷிப் என்ற அரசு ஆலோசனைச் சேவையைக் கூப்பிட்டேன். காசு கிடையாது, எதையும் விற்கவும் மாட்டார்கள். அங்கிருந்த தொண்டர் மாதம் 11 டாலர் குறைவான ஒரு கம்பெனியைக் காட்டினார். ஏஜென்ட்டிடம் சொன்னேன். “அது என்கிட்ட இல்லை சார், வேணும்னா நேரா வாங்கிக்கோங்க. ஆனா வருஷா வருஷம் எவ்வளவு ஏத்தினாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க.” கேட்டேன். அவருடைய கம்பெனியிலேயே இருந்துவிட்டேன்.

மருந்துத் திட்டத்துக்கு மெடிகேர் தளத்தில் மாத்திரைப் பெயர்களைப் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கும் ஒரு மைல் தள்ளி இருப்பதற்கும் அதே திட்டத்தில், அதே மாத்திரைகளுக்கு, வருஷத்துக்கு 200 டாலருக்கு மேல் வித்தியாசம். இப்போது நடந்துபோய் வாங்குகிறேன். டாக்டரும் நடக்கத்தான் சொல்கிறார். 2025-லிருந்து திட்டத்தில் அடங்கிய மருந்துகளுக்கு நம் கைச்செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு, 2025-ல் அது 2,000 டாலர் என்பது எலிக்விஸ் சாப்பிடுகிறவனுக்குப் பெரிய ஆறுதல்.

ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு மெடிகேர் பொதுவாக அமெரிக்காவைத் தாண்டி வராது. பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு, முதல் 250 டாலர் போக, 80 சதவீதம் உண்டு. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் ஆரம்பித்த சிகிச்சையாக இருக்க வேண்டும். ஆயுளுக்கும் சேர்த்து 50,000 டாலர்தான். நான் மார்கழிக்குப் போனால் மாசிக்குத்தான் திரும்புவேன். மிச்ச நாளுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்கிறேன்.

மே மாதமே இதய டாக்டரிடம் போனேன். பார்ட் பி-யில் அந்த வருஷத்துக்கு முதலில் நாமே கட்ட வேண்டிய 257 டாலரைக் கட்டி முடித்த பிறகு எக்கோவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு பைசா கேட்கவில்லை. பல்லுக்கு மட்டும் கையிலிருந்து போகிறது.

அடுத்து என் மனைவியின் முறை, 2028-ல். இங்கே வேலைக்குப் போகாவிட்டாலும் என் கணக்கை வைத்து அவளுக்கும் பார்ட் ஏ-க்குப் பிரீமியம் இல்லை. அவள் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மே 28. அவளுக்கும் மே 1-லிருந்துதான். “எங்க ஸ்கூல்ல எனக்குச் சரியான தேதியைத்தான் போட்டாங்க” என்கிறாள்.