28இல் தொடங்கினால் என்ன?

"ஏன் சோனி 24-70 ஜிஎம் 2 லென்ஸ் எடுக்கேல்லை?" என்று கேட்கிறவர்களுக்கு: சோனி கமராவுக்கு டாம்ரொன் கம்பனியின் 28-75 ஜி2 லென்ஸ் எடுத்தாச்சு. (இந்த எண்கள் குவியத் தூரம், மி.மீ.இல்; எண் குறையக் குறையப் படத்துக்குள் கூட இடம் அடங்கும்.) இரண்டும் எஃப் 2.8தான், அதாவது ஒரே அளவு வெளிச்சத்துக்குத் திறக்கும்; வெளிவந்த விலையில் டாம்ரொன் சோனியின் பாதிகூட இல்லை. டாம்ரொன் எடை 540 கிராம், சோனி 695. சாமத்திய வீட்டில் ஆரத்தி தொடங்கிப் பந்தி வரை கழுத்தில் தொங்கும்போது அந்த வித்தியாசம் வடிவாகத் தெரியும்.

குறையும் இருக்கு. சின்ன விறாந்தையில் சொந்தக்காரர் எல்லாரையும் ஒரே படத்துக்குள் அடக்க 28 மி.மீ. காணாது, முதுகு சுவரில் முட்டும். சோனியின் வேகமான கமராக்களிலும் மற்றக் கம்பனி லென்ஸ் என்றால் விநாடிக்கு 15 படம்தான். நல்லூர்த் தேரை அதைவிட வேகமாக யார் இழுக்கப் போகினம்?

மிச்சக் காசுக்கு நல்ல ஃபிளாஷ் ஒன்று வாங்கியாச்சு. கடன் கேட்டு இன்பொக்ஸுக்கு வர வேண்டாம்.